ஒரு துண்டு அழுக்குப் பஞ்சு

வீடு
பிப்ரவரி 3

மாப்பிள்ளைக்கு,

மாமியாரிடமிருந்து கடிதமா என்று கப்பலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடாதீர்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள் நான். ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் மூட்டைக்கு மூட்டை சீட்டு எழுதி வந்த கையெழுத்துதான் இது. நடுவில் எங்காவது 'போர்வை, தலையணை உறை' என்று வந்தால் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போங்கள்.

போனில் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கேப்டன் போனிலிருந்து கூப்பிடும்போது இங்கே போன் யார் கையில் இருக்கிறது? என் மகள் கையில். அவள் எங்கே இருக்கிறாள்? இருக்கிற ஒரே அறையில், உங்கள் மீன்தொட்டிக்கு எதிரே, எழுந்து நிற்கவே கூடாது என்று டாக்டரம்மா சொன்னபடி கட்டிலில். நான் குளியலறைக்குள் போய்க் கிசுகிசுத்தாலும் அவள் காதில் விழும். இது அவள் காதில் விழக் கூடாத சமாசாரம். அதனால்தான் பால் வாங்குகிற சாக்கில் தபால் பெட்டிக்கு நடக்கிறேன்.

உங்கள் தங்கமீன் ஆறில் ஒன்று செத்துவிட்டது. தொப்பைக்காரன்தான் போனான்.

நடந்ததைச் சொல்கிறேன். தொட்டியின் தோளில் ஒரு பெட்டியை மாட்டி வைத்திருக்கிறீர்களே, தண்ணீரை உறிஞ்சி மறுபடி உள்ளேயே ஊற்றுகிறதே, அந்த ஃபில்டர், அதைப் போன வாரம் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்த பஞ்சை நீங்கள் பார்க்க வேண்டுமே. பழுப்பாக, கொழகொழவென்று, மூக்கடைப்புக்காரன் கைக்குட்டை மாதிரி. சேறு வாருகிற கப்பலில் வேலை பார்க்கிறீர்கள், சரி, அதில் கொஞ்சத்தை வீட்டுக்கும் எடுத்து வர வேண்டுமா மாப்பிள்ளை? ஆபரேஷன் அறைத் துணியை எப்படித் துவைப்பேனோ அப்படித் துவைத்தேன். பிளீச்சிங் பவுடரில் ஊறப்போட்டு, கசக்கி, அலசி, வெயிலில் காயவைத்து மாட்டினேன். கடையிலிருந்து அப்போதுதான் வந்தது போல இருந்தது. என் மகளிடம் தூக்கிக் காட்டிப் பெருமை வேறு அடித்துக்கொண்டேன்.

அன்றிலிருந்து மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. நேற்று மதியம் அவள் தூங்கும்போது தொப்பைக்காரன் மல்லாந்து கிடந்தான். காகிதத்தில் சுற்றி எடுத்துப்போய்விட்டேன். கல்லுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறான் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஒரு மீனுக்கா இவ்வளவு என்று நினைக்காதீர்கள். ஏற்கெனவே இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போனதில் அவள் எப்படி ஆகிவிட்டாள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். இந்த முறை ஆறாம் மாதம் வரைக்கும் வந்திருக்கிறது. போன வெள்ளிக்கிழமை தலை வாரிவிடும்போது தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இதுங்க ஆறும் இருக்கற வரைக்கும் இதுவும் இருக்கும்மா." சொல்லிவிட்டு வயிற்றில் கை வைத்துக்கொண்டாள். விளையாட்டாகச் சொன்னாள் என்று நினைத்து நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

என்ன செய்ய வேண்டும் என்று உடனே எழுதுங்கள்.

அத்தை


கப்பல்
பிப்ரவரி 9

அத்தைக்கு,

உங்கள் கடிதம் இன்று சாமான் படகில் வந்தது. படகு ஒரு மணி நேரத்தில் திரும்பிவிடும். அதற்குள் எழுதுகிறேன்.

ஃபில்டரைத் தொட வேண்டாம் என்று புறப்படும்போது சொன்னேன். தலையாட்டினீர்கள்.

நீங்கள் கழுவிக் கொட்டியது அழுக்கு அல்ல. மீன் கழிப்பதும் தின்னாமல் விட்ட தீனியும் தண்ணீரில் கரைந்து விஷமாகின்றன. கண்ணுக்குத் தெரியாத நல்ல கிருமிகள் அந்த விஷத்தைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுகின்றன. அவை குடியிருந்தது அந்தப் பழுப்பில்தான். பிளீச்சிங் பவுடரில் ஒன்றுகூட மிஞ்சியிருக்காது. இப்போது மீன்கள் தங்கள் கழிவிலேயே மூச்சு முட்டிக் கிடக்கின்றன.

செய்ய வேண்டியது இதுதான். தினமும் தொட்டியில் கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றக் கூடாது, அதில் மருந்து கலந்திருக்கிறது. ஒரு நாள் முழுக்க வாளியில் திறந்து வைத்த பிறகுதான் ஊற்ற வேண்டும். தீனியைப் பாதியாகக் குறையுங்கள். பஞ்சைத் தொடாதீர்கள். எப்போதாவது அடைத்துக்கொண்டால், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரில் இரண்டு முறை முக்கி எடுத்தால் போதும்.

கண்ணில் பட்டதையெல்லாம் வெள்ளையாக்கிவிட வேண்டும் உங்களுக்கு. "சேறு அள்ளுறவனுக்கா என் பொண்ணு?" என்று பெண் கேட்டு வந்த என் அண்ணனிடம் நீங்கள் கேட்டதை அவன் ஒரு வார்த்தை மாறாமல் என்னிடம் சொன்னான். அதற்கு நான் இதுவரை பதில் சொன்னதில்லை. இப்போதும் சொல்லவில்லை.

அவளிடம் எதுவும் சொல்ல வேண்டாம். கால்வாய் வேலை முடியும்வரை யாருக்கும் விடுப்பு இல்லை. இந்தக் கப்பலுக்குப் பம்ப் மெக்கானிக் நான் ஒருவன்தான்.

மாப்பிள்ளை


வீடு
பிப்ரவரி 16

மாப்பிள்ளைக்கு,

பல்லைக் கடித்துக்கொண்டு எழுதியிருக்கிறீர்கள். பேனா காகிதத்தைக் கிழித்த இடமெல்லாம் தெரிகிறது. கோபப்படுங்கள், பரவாயில்லை. உங்கள் அண்ணனுக்கு இருக்கிற ஞாபகசக்திக்கு அவர் கலெக்டராகியிருக்க வேண்டியது.

நீங்கள் சொன்னபடியே முதல் நாள் தண்ணீர் மாற்றினேன். வாளியில் எடுத்தேன், எடுத்தேன், இன்னும் ஒரு வாளி எடுத்தால் இன்னும் சுத்தம் என்று எடுத்தேன். ஃபில்டர் குழாய் தண்ணீருக்கு மேலே வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை. வெறும் காற்றை உறிஞ்சிக் கடகடவென்று கத்தியது. தண்ணீர் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ரப்பர் கருகுகிற நாற்றம் வந்த பிறகுதான் ஸ்விட்சை அணைத்தேன். மோட்டார் போய்விட்டது. தண்ணீர் எடுக்கும்போது ஃபில்டரை அணைக்கச் சொல்லி நீங்கள் எழுதவில்லை. கடிதத்தை மூன்று தடவை திருப்பித் திருப்பிப் பார்த்தேன், இல்லை. கல்யாணப் பேச்சுக்கு இடம் இருந்தது, இதற்கு இல்லை.

ஓட்டமும் நடையுமாகக் கடைக்குப் போனேன். தொட்டி எவ்வளவு பெரிது என்று கடைக்காரன் கேட்டான். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். என் கை அகலத்தை நம்பியோ என்னவோ இருப்பதிலேயே பெரியதை எடுத்து வைத்தான். பெரியதாக இருந்தால் வேகமாகச் சுத்தம் பண்ணும் என்று நானும் நினைத்தேன். எங்கள் சலவைப் பிரிவில் அப்படித்தான். வீட்டுக்கு வந்து மாட்டினால், அது தண்ணீரை ஊற்றுகிற வேகத்தில் மீனெல்லாம் துணி மெஷினுக்குள் போட்ட காலுறை மாதிரி சுற்றுகிறது. ஒன்று ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நடுங்குகிறது.

அதற்குப் பிறகு இரண்டு செத்துவிட்டன. வால்காரியும் கறுப்பு மூக்கனும்.

திட்டுவீர்கள் என்று தெரிந்தே அடுத்ததைச் சொல்கிறேன். செத்தது மாதிரியே மூன்று வாங்கி வந்து, மதியம் அவள் கண் அசந்த நேரத்தில் உள்ளே விட்டுவிட்டேன். எழுந்ததும் வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு தொப்பைக்காரன் இளைத்துவிட்டான் என்றாள். டயட்டில் இருக்கிறான் என்றேன். உதட்டை மட்டும் சிரிப்பு மாதிரி விரித்தாள்.

நான் சிரிக்க வைத்தால் சிரிக்காத ஆளே எங்கள் வார்டில் கிடையாது மாப்பிள்ளை. ஆபரேஷன் ஆன வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவர்கள் இருக்கிறார்கள். இவளிடம் என் வேடிக்கைப் பேச்சு எடுபடவில்லை. சமையலறையில் குழாயைத் திறந்துவிட்டுத்தான் அழுகிறேன்.

புதிதாக விட்டதில் இரண்டு இப்போது மேலே வந்து வாயைத் திறக்கின்றன. இன்னும் வாங்கி வைத்துக்கொள்ளட்டுமா? சொல்லுங்கள்.

அத்தை


கப்பல்
பிப்ரவரி 23

அத்தை,

வேண்டாம். இனி ஒரு மீன்கூட வாங்கி விடாதீர்கள். கிருமி இல்லாத தொட்டியில் நீங்கள் விடுகிற ஒவ்வொரு மீனும் மற்றவற்றுக்கு விஷம் சேர்க்கிறது. புதிய மீன் பழையதைக் கொல்லும், தானும் சாகும்.

ஸ்விட்சை அணைக்கச் சொல்லாதது என் தவறு. இங்கே பம்பைக் காயவிட்டால் என்ன ஆகும் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். அதனால் எழுதத் தோன்றவில்லை.

நம் தொட்டி நூறு லிட்டர். ஒரு மணி நேரத்தில் தொட்டித் தண்ணீர் முழுவதையும் நான்கைந்து முறை சுற்றிவிடுகிற ஃபில்டர் போதும். தங்கமீன் அதிகம் அழுக்காக்கும், அதற்காகக் கொஞ்சம் கூட இருக்கலாம், அவ்வளவுதான். எத்தனை லிட்டர் சுற்றும் என்று பெட்டியின் மேலேயே போட்டிருக்கும். நீங்கள் வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க அலைய வேண்டாம். அதன் தலையில் ஒரு திருகு இருக்கும். அதைக் கடைசிவரை குறைத்து வையுங்கள். உறிஞ்சுகிற குழாயின் வாயில் ஒரு துண்டுப் பஞ்சைச் சுற்றி நூலால் கட்டுங்கள். கட்டாவிட்டால் சோர்ந்த மீனை இழுத்துப் பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது முக்கியம். ரொம்ப நாளாக மீன்தொட்டி ஓடுகிற இடம் ஏதாவது தேடுங்கள். கடை, கிளினிக், எதுவானாலும். அவர்கள் ஃபில்டரிலிருந்து ஒரு துண்டு அழுக்குப் பஞ்சு கேட்டு வாங்குங்கள். அவர்கள் தொட்டித் தண்ணீரிலேயே மூழ்க வைத்து, காயவிடாமல், நேரே வீட்டுக்குக் கொண்டுவந்து நம் ஃபில்டருக்குள் வையுங்கள். அதில் இருக்கிற கிருமிகள் நம் தொட்டியில் பெருகும். வேறு வழி இல்லை. அழுக்கைக் கேட்டு வாங்குவது உங்களுக்கு எப்படி இருக்கும் என்று தெரியும். கேளுங்கள்.

நேற்று போனில் அவள் என்னிடம் ஆறும் நன்றாக இருக்கின்றன என்றாள். நான் கேட்காமலேயே அதை இரண்டாம் முறையும் சொன்னாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். வைத்துவிட்டேன். நான் அங்கே இல்லை. உங்களை விட்டால் எனக்கு ஆள் இல்லை அத்தை.

மாப்பிள்ளை


ஆஸ்பத்திரி
மார்ச் 2

மாப்பிள்ளை,

பதறாமல் படியுங்கள். இரண்டு பேரும் இருக்கிறார்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இனி மற்றது.

உங்கள் கடிதம் வந்த அன்றே திருகைக் குறைத்தேன். குழாய்க்குப் பஞ்சு கட்டவில்லை. அழுக்குப் பஞ்சு வந்ததும் இரண்டையும் சேர்த்துச் செய்துகொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அவள் தூங்கியதும் தெருமுனை முடிவெட்டும் கடைக்குப் போனேன். அங்கே கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு பெரிய தொட்டி இருக்கிறது. ஆம்பளைகள் பாதி சவரத்தோடு உட்கார்ந்திருக்கிற இடத்துக்குள் கையில் தூக்குப் பாத்திரத்தோடு நுழைந்தேன். கடைக்காரர் சாப்பாடு கொடுக்க வந்தவள் என்று நினைத்து வெளியே கை காட்டினார். எனக்குக் கொஞ்சம் அழுக்கு வேண்டும் என்றேன். கடையே திரும்பிப் பார்த்தது. தரையில் இருக்கிற முடியைக் கூட்டி அள்ளிக்கொண்டு போகச் சொன்னார் ஒரு கிழவர், எல்லோரும் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். அப்புறம் வீட்டில் என் மகள் எப்படிப் படுத்திருக்கிறாள் என்று சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கடைக்காரரே ஃபில்டரைத் திறந்தார். பஞ்சில் பாதியை அறுத்து, தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றிக் கொடுத்தார். என் ஆயுசில் அவ்வளவு அருவருப்பான சாமானை அவ்வளவு பத்திரமாக நான் தூக்கிக்கொண்டு நடந்ததில்லை.

வீட்டுக் கதவைத் திறந்தால் அவள் நின்றுகொண்டிருக்கிறாள். தொட்டிக்கு முன்னால், முழங்கை வரைக்கும் தண்ணீரில் விட்டுக்கொண்டு. ஒரு மீனின் வாலை உறிஞ்சுகுழாய் பிடித்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துத்தான் எழுந்திருக்கிறாள். பிடுங்கி எடுத்துக் கையில் வைத்திருந்தாள். அது செத்துப்போயிருந்தது. அவள் புடவையில் ரத்தம் இறங்கியிருந்தது, அவள் அதைக் கவனிக்கவில்லை.

"எத்தன செத்துச்சும்மா? இப்பவாவது சொல்லு."

அவளைக் கட்டிலில் சாய்த்தேன். பழையதில் நாலு போயாச்சு என்றேன், கையில் இருப்பதையும் சேர்த்து. பக்கத்து வீட்டுக்காரர் வண்டி எடுத்தார். தூக்குப் பாத்திரத்தில் இருந்ததை மட்டும் கிளம்புவதற்கு முன் ஃபில்டருக்குள் திணித்துவிட்டு வந்தேன்.

ரத்தம் குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. உள்ளே குழந்தையின் துடிப்பு கேட்கிறது. இப்போது பிறந்தால் பிழைப்பது கஷ்டம், உள்ளே தங்குகிற ஒவ்வொரு நாளும் லாபம் என்று டாக்டரம்மா சொல்கிறார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை நீங்கள் கூப்பிட்டபோது வீட்டில் இருப்பது போலவே பேசினாளே, அது இந்தக் கட்டிலிலிருந்துதான். நான் வாயைத் திறக்காமல் இருக்க என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். உங்களுக்குத் தெரிந்தால் வேலையில் கவனம் சிதறி பம்பில் கையைக் கொடுத்துவிடுவீர்களாம். எனக்கு அந்தப் பெரிய மனசு இல்லை. எப்படியாவது வந்துவிடுங்கள்.

அத்தை


வீடு
மார்ச் 11

அத்தை,

வார்டு ஆயாவிடம் சாப்பாட்டுக் கேரியரோடு இதைக் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் மகளுக்குத் தெரியாமல் படியுங்கள். நேற்று பார்வை நேரத்தில் அவள் முன்னால் உங்களிடம் எதுவும் கேட்க முடியவில்லை. அதற்குள் ஆம்பளைகள் வெளியே போங்கள் என்று விரட்டிவிட்டார்கள்.

எனக்கு விடுப்பு கிடைத்தது எப்படி என்று கேட்டீர்கள். கிடைக்கவில்லை. உங்கள் கடிதத்தைக் கேப்டன் கையில் கொடுத்தேன். படித்துவிட்டு, படகு நிற்கிறது, போ என்றார். திரும்பிப் போனால் வேலை இருக்குமா தெரியாது.

முந்தாநாள் வந்து கதவைத் திறந்ததுமே நாற்றம். இடையில் மின்சாரம் போய் வந்திருக்கிறது. வந்த பிறகு ஃபில்டர் தண்ணீரை இழுக்காமல் வெறுமனே முனகிக்கொண்டிருந்தது. அதன் பெட்டிக்குள் நாமாகத் தண்ணீர் ஊற்றிவிட்டால்தான் மறுபடி ஓடும், அதற்கு வீட்டில் ஆள் இல்லை. ஒன்றுகூட மிஞ்சவில்லை அத்தை. எல்லாவற்றையும் எடுத்துப் புதைத்துவிட்டேன். தண்ணீர் மாற்றி ஃபில்டரை ஓடவிட்டிருக்கிறேன். எதற்கு ஓடவிட்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

நேற்று அவள் என் சட்டையைப் பிடித்து இழுத்து, மிச்சம் எத்தனை இருக்கு என்று கேட்டாள். நர்ஸ் கூப்பிடுகிறார் என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை.

கேரியரைப் பாதி கட்டிக்கொண்டிருக்கும்போதே கடைக்குப் போய்விட்டேன். ஆறு மீனைப் பொறுக்கிக் காட்டி, பையில் போடச் சொல்லி, வாங்காமல் திரும்பி வந்தேன். வேண்டாம் என்று உங்களுக்கு எழுதியவன் நான்தான். கடைக்காரன் எடுத்து வைத்திருக்கிறான். வாங்கிவிட்டு, இரண்டு இருக்கிறது என்று அவளிடம் சொல்லட்டுமா? படம் எடுத்துக் காட்டட்டுமா? அவள் அதில்தான் உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள். அது இல்லை என்று என் வாயால் எப்படிச் சொல்வேன். நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன்.

மாப்பிள்ளை


ஆஸ்பத்திரி
மார்ச் 12

மாப்பிள்ளை,

வாங்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தைக் கேரியர் மூடிக்குள் வைத்திருந்தீர்கள். நான் எடுத்து இடுப்பில் செருகுவதற்குள் அவள் கையை நீட்டினாள். கேலி பேசித் தப்பிக்கப் பார்த்தேன். மாமியாருக்கு மாப்பிள்ளை எழுதுவதை நீ பார்க்கக் கூடாது என்றேன். கையை மடக்கவில்லை. கொடுத்துவிட்டேன். என் பங்குக்குப் பொய் சொல்லிச் சொல்லி அவளை எழுந்து நிற்க வைத்தது போதும் என்று தோன்றியது.

கடைசி வரி வரைக்கும் படித்தாள்.

"ஒண்ணுகூட இல்லையா?"

"ஒண்ணுகூட இல்லம்மா."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். கேரியரில் இருந்ததைத் தொடவில்லை. நான் அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்னென்னவோ வேடிக்கை ஞாபகம் வந்தது, ஒன்றும் வாய்க்கு வரவில்லை. டாக்டரம்மா வந்து வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் தேடினார். அந்தக் கொஞ்ச நேரத்தை நான் எழுத மாட்டேன். பிறகு கேட்டது. டாக்டரம்மா போன பிறகும் அவள் அந்த இடத்திலிருந்து கையை எடுக்கவில்லை.

சாயங்காலம் ஆயா விளக்கைப் போட்டபோதுதான் பேசினாள். தொட்டி வாங்கின புதிதில் நீங்கள் இருவரும் ஒரு மாதம் மீனே இல்லாமல் ஓட்டினீர்களாம். தினமும் ஒரு சிட்டிகைத் தீனி போட்டது அவள்தானாம். அந்தத் தீனி கெட்டு அதைத் தின்றுதான் கிருமி பெருகுமாம். எனக்கு இதெல்லாம் யார் சொன்னார்கள். பிறகு இதைச் சொன்னாள், சொன்னபடியே எழுதுகிறேன்: "ஃபில்டர அணைக்க வேணாம்னு சொல்லும்மா. உள்ள இருக்கறதுக்குத் தீனி போடணும். கண்ணுக்குத் தெரியலன்னு பட்டினி போட்ரக் கூடாது."

அப்புறம் ஆறிப்போன சாப்பாட்டை எடுத்துக் கொடுக்கச் சொன்னாள். நாலு வாய் சாப்பிட்டாள்.

இன்றைய நாளைத் தாண்டட்டும், பார்க்கலாம் என்கிறார் டாக்டரம்மா. நேற்றும் அதையேதான் சொன்னார். நாளைக்கும் அதையே சொல்ல வேண்டும் என்றுதான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் பார்வை நேரத்துக்கு வந்ததும், தீனி போட்டாயா என்றுதான் முதலில் கேட்பாள். போட்டுவிட்டு வாருங்கள்.

அத்தை